களத்துக்கு எட்டாத மணி

செம்மொழிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஆபீசில் எந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டாலும் சரி, வேலை முடிந்து கிளம்பும்போது "இனிமே பிரச்சினை வராது சார், நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் ஹெல்மெட்டை மாட்டுவாள். அவளுடைய முதலாளி நெடுமாறன் தலையில் அடித்துக்கொள்வார். "பொறுப்புன்னு வாய விடாதம்மா. அந்த சாஃப்ட்வேரைச் செஞ்சவனே அப்படிச் சொல்ல மாட்டான்" என்பார். கேட்டால்தானே!

தஞ்சாவூரில் நெடுமாறன் நடத்துவது சின்னக் கடைதான். ஊரில் உள்ள கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் போட்டுக்கொடுத்து, பராமரித்துக்கொடுக்கிற தொழில். அதில் ஓடியாடி வேலை பார்ப்பவள் செம்மொழி. பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா இராஜாங்கம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபடுகிறவர், அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் இடுப்பொடிந்தவள். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிற முதல் ஆள் இவள்தான் என்று ஊரில் பேச்சு. நாற்காலியாவது ஒன்றாவது! பாதி நாள் யாராவது மேஜைக்கு அடியில் தவழ்ந்து, பல்லி முட்டைக்கும் ஒட்டடைக்கும் நடுவில் ஒயர் தேடிக்கொண்டிருப்பாள். ஆனால் வேலை சுத்தம். அவள் கட்டிவிட்டுப் போன ஒயரைப் பார்த்தால் பின்னிவிட்ட சடை மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் குறுவை அறுவடைக்கு முன்னால் ஒரு பெரிய வேலை வந்தது. வெங்கட்ராகவன் என்று ஒருவர். நிலபுலனோடு இருந்த குடும்பம், பெங்களூரில் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து குடும்பத்து அரிசி ஆலையை எடுத்து நடத்துகிறார். ஆலை தஞ்சாவூரில், நெல் எடுக்கிற கிளை திருவாரூரில், நெல் காயப்போடுகிற பெரிய சிமெண்டுக் களம் வலங்கைமானில். மூன்று இடத்து ஆட்களும் ஆளுக்கொரு பக்கம் செல்போனில் கத்திக்கொண்டிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. இனிமேல் எல்லாப் பேச்சும், எல்லாச் செய்தியும் கம்ப்யூட்டரில் ஒரே மென்பொருளுக்குள் நடக்க வேண்டும் என்றார். கிளைகளின் பழைய போன் நம்பர்கள்கூட அதற்குள் போய்விட வேண்டும். யாராவது அந்த நம்பரைக் கூப்பிட்டால் கம்ப்யூட்டரில் மணி அடிக்க வேண்டும். நல்ல மனிதர்தான். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் கொஞ்சம் அதிகம்.

செம்மொழி ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் மென்பொருளை ஏற்றினாள். ஒவ்வொருவருக்கும் அக்கவுண்ட் திறந்து, பாஸ்வேர்டு போட்டுக்கொடுத்து, மைக்கைச் சோதித்து, "ஹலோ ஹலோ, கேக்குதா?" என்று தொண்டை வறண்டு, கடைசியாக வலங்கைமான் களத்துக்கு வந்து சேர்ந்தாள். எடைமேடைக் கிளார்க் சேக் தாவூது நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு ஓரமாக நின்றார். அப்போது கதவருகே ஒரு தலை எட்டிப் பார்த்தது. களத்துப் பெண்களுக்கெல்லாம் தலைவி, வேம்பு. ஐம்பதைத் தாண்டியவள். தலையில் துண்டு, கையில் நெல் தள்ளும் பலகை.

"ஏன் கண்ணு, இதுல மணி அடிக்குமா?"

"அடிக்கும்க்கா."

"அந்தக் கோடி வரைக்கும் கேக்குமா? பழைய போனுக்கு வெளியில மணி கட்டியிருந்தாங்க. குடமுருட்டி ஆத்தங்கரை வரைக்கும் கேக்கும்."

எதற்கு அவ்வளவு சத்தம் என்று செம்மொழி கேட்டாள். அதற்குத்தான் வேம்பு அந்தச் சங்கதியைச் சொன்னாள். அந்தப் பக்கத்து மழை கடலிலிருந்து வருவது. திருவாரூரில் இறங்கிவிட்டுத்தான் வலங்கைமானுக்கு வரும். திருவாரூர்க் கிளையில் இருக்கும் அஹமது கபீர், அங்கே தூறல் விழுந்த நிமிஷம் களத்து நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரே மணி, அதோடு கட். அந்த மணி கேட்டால் பெண்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி, நெல்லைக் கூட்டிக் குவித்து, தார்ப்பாயை இழுத்து மூடிவிடுவார்கள்.

"எடுத்துப் பேசவே மாட்டீங்களா?" என்றாள் செம்மொழி.

"எடுத்து ஹலோ சொல்லிக்கிட்டு நின்னா நெல்லு மொதந்துடாதா?" வேம்பு சிரித்தாள். "போன வருஷமெல்லாம் ஒரு மணி நெல்லு நனையல. கபீர் பாய் மொகத்த நான் பாத்ததில்ல. ஆனா அவரு மணிய எந்தத் தூக்கத்துல கேட்டாலும் எந்திரிச்சிடுவேன்."

களத்தில் இறங்கினால் யாரும் செல்போன் வைத்திருக்கக் கூடாது என்பது ஆலையின் சட்டம். ஆக அந்த ஒரு மணிதான் அவர்களுக்கு எல்லாம். செம்மொழிக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. அன்றைக்கே வெளிச்சுவரில் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினாள். களத்தின் கடைக்கோடியில் வேம்புவை நிறுத்திவிட்டு, உள்ளே வந்து தன் செல்லிலிருந்து களத்து நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். மணி அலறியது. தூரத்தில் வேம்பு தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டினாள்.

"நான் பொறுப்புக்கா, பயப்படாதீங்க" என்றாள் செம்மொழி.

வேம்பு அவளைக் கிட்டே இழுத்து, அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள். "நம்ம வூட்டுப் பொண்ணு இந்தப் பெட்டிய ஆட்டி வைக்குது பாருங்கடி" என்று மற்றப் பெண்களிடம் பீற்றிக்கொண்டாள். வண்டியில் திரும்பி வரும்போது வழி நெடுகச் செம்மொழிக்குச் சிரிப்பாகவே இருந்தது.

இதுவரை எல்லாம் சரிதான். பிறகு வெங்கட்ராகவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பெரிய கம்பெனிகளைக் கூப்பிட்டால் முதலில் ஒரு வரவேற்புக் குரல் பேசுகிறதல்லவா, அது நம் நம்பர்கள் எல்லாவற்றுக்கும் வேண்டும் என்று. செம்மொழி தன் குரலிலேயே பதிவு செய்தாள். "வணக்கம். எங்கள் நிறுவனத்தை அழைத்ததற்கு நன்றி. சற்று நேரத்தில் உங்கள் அழைப்பு இணைக்கப்படும்." நெடுமாறன் கேட்டுவிட்டு ரேடியோவில் சேர்ந்துவிடு என்றார். இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கடையில் இருந்தபடியே செட்டிங்ஸைத் திறந்தாள். இந்த வரவேற்பைப் போட்டால், கூப்பிடுகிறவருக்கு முதலில் இந்தக் குரல் முழுக்கப் பேசி முடிக்கும். அதற்கப்புறம்தான் அந்தக் கிளையில் மணி அடிக்கும். எந்தெந்தக் கிளை என்று கேட்டது. வலங்கைமான் என்ற பெயரில் அவள் கை நின்றது.

நின்றது என்பதுதான் இதில் சங்கடமே. மறந்துபோய்ச் செய்திருந்தாலாவது மனசுக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். ஒரு மணி விட்டுக் கட் பண்ணுகிற கபீர் பாயின் கால், இந்த வணக்கத்தைத் தாண்டிக் களத்துக்குப் போய்ச் சேராது என்று அவளுக்கு அந்த இடத்திலேயே பளிச்சென்று தெரிந்தது. 'கபீர் பாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா போச்சு, கொஞ்சம் நீட்டி அடிங்கன்னு' என்று நினைத்தாள். எல்லாக் கிளையும் என்ற கட்டத்தைத் தொட்டாள். பசி நேரம், டிபன்பாக்ஸைத் திறந்தாள், எலுமிச்சை சாதம். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வேறு ஒரு கம்பெனியிலிருந்து பிரிண்டர் ஓடவில்லை என்று போன். அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தை அப்படியே போயிற்று. கழுதை, ஒரு வார்த்தை! அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

குறுவை நெல் மலைபோல வந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. தாவூது ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். வலங்கைமானில் வெயில் சுள்ளென்று அடித்தது, களம் முழுக்க நெல் விரித்துக் கிடந்தது. திருவாரூரில் மழை கொட்டத் தொடங்கியது. கபீர் வழக்கம்போல நம்பரைப் போட்டு, காதில்கூட வைக்காமல், ஒரு மணி அடிக்கிற நேரத்தில் கட் செய்துவிட்டு, தன் மூட்டைகளைப் பார்க்க ஓடினார். களத்தில் ஒரு சத்தமும் இல்லை. பெண்கள் மரத்தடியில் சோற்றுத் தூக்கைப் பிரித்து வைத்திருந்தார்கள். மேகம் தலைக்கு மேல் வந்து கறுத்தபோதுதான் வேம்பு நிமிர்ந்து பார்த்தாள். ஐயோ என்று கத்திக்கொண்டு ஓடினாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாதி நெல்லை மூடுவதற்குள் மழை ஊற்றிவிட்டது. மீதி பாதி வாய்க்கால் பக்கம் ஓடியது. அள்ளிக் குவித்த ஈர நெல்லும் சூடேறி, இரண்டொரு நாளில் முளைவிட்டு நின்றது.

வெங்கட்ராகவன் கத்தவில்லை. விசாரணை வைத்தார், அதுவும் அந்த மென்பொருளில்தான், வீடியோ காலில். திரையில் ஒரு கட்டத்தில் அவர், ஒரு கட்டத்தில் திருவாரூர் கபீர், ஒரு கட்டத்தில் வலங்கைமான் ஆபீஸ். தாவூதுக்குப் பக்கத்தில் வேம்பு நின்றாள். கேமரா எங்கே இருக்கிறதென்று தெரியாததால் அவள் முகத்தில் பாதிதான் தெரிந்தது. செம்மொழியும் கடையிலிருந்து அந்தக் காலில் இருந்தாள். கம்ப்யூட்டர் சம்பந்தம் என்று அவளையும் சேர்த்திருந்தார்கள்.

"சத்தியமா நான் மணி விட்டேங்க" என்றார் கபீர்.

"சத்தியமா மணி கேக்கல தம்பி" என்றாள் வேம்பு. "கேட்டிருந்தா உக்காந்திருப்பமா? சோத்துக் கையோட ஓடுறவங்க நாங்க."

வெங்கட்ராகவன் நெற்றியைத் தேய்த்தார். "செம்மொழி, சிஸ்டத்துல பாத்து சொல்லுங்க. கபீரோட கால் அந்த நம்பருக்கு வந்துதா இல்லையா?"

பார்க்காமலே செம்மொழிக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தாள். கால் வந்திருந்தது. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கட் ஆகியிருந்தது. பக்கத்தில் நெடுமாறன் உட்கார்ந்திருந்தார், இந்த ஆலை வேலையை நம்பித்தான் கடையில் இன்னும் ஒரு ஆளைச் சேர்த்திருந்தார். வந்தது சார், ஆனால் மணி அடிக்கவில்லை, அதற்குக் காரணம் நான் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். முதல் பாதிதான் வெளியே வந்தது.

"வந்திருக்கு சார்."

வேம்புவின் பாதி முகம் திரைக்குக் கிட்டே வந்தது. "வந்துச்சா கண்ணு?"

"வந்திருக்குக்கா."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் வேம்பு. குரல் உள்ளே போயிருந்தது. "அப்ப எனக்குத்தான் கேக்கல போலருக்கு."

பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று அன்று முழுக்கச் செம்மொழி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதானே. மறுநாள் வேம்புவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று தாவூது செய்தி அனுப்பினார். களத்துப் பொறுப்பு அந்தக் கூட்டத்திலேயே இளையவளான எழில்மொழிக்குப் போயிற்று. "மணி கேட்டும் எந்திரிக்காம சோறு தின்னுட்டு உக்காந்திருந்துச்சாம்" என்று வலங்கைமான் கடைத்தெருவில் பேச்சு.

செம்மொழி செய்தது ஒன்றே ஒன்று. செட்டிங்ஸைத் திறந்து, வலங்கைமானுக்கு மட்டும் அந்த வரவேற்புக் குரலை எடுத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. இனிமேல் நெல் நனையாது, அதுவே பரிகாரம் என்று நினைத்தாள். இந்த மாதிரிப் பூசி மெழுகுகிற புத்தி அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

அடுத்த மழை வந்தது. கபீர் மணி விட்டார், களத்தில் ஸ்பீக்கர் அலறியது, எழில்மொழியும் பெண்களும் ஓடி மூடினார்கள். ஒரு படி நெல்கூட நனையவில்லை. அன்று சாயங்காலம் எல்லாக் கிளைக்கும் பொதுவான குரூப்பில் வெங்கட்ராகவன் எழுதினார்: 'வலங்கைமான் டீமுக்கு வாழ்த்துகள். ஆள் மாறினதும் எல்லாம் சரியாகிவிட்டது, பார்த்தீர்களா? குறை சிஸ்டத்தில் இல்லை.' அதற்குக் கீழே ஒவ்வொருவராகக் கட்டைவிரல் போட்டார்கள். செம்மொழி பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் ரகசியமாகச் சரிசெய்தது, வேம்புதான் குற்றவாளி என்பதற்குச் சாட்சியாகப் போய் நிற்கிறது. நெடுமாறன் எட்டிப் பார்த்து, "நீயும் ஒரு விரலைப் போடும்மா, கஸ்டமர் சந்தோஷமா இருக்காரு" என்றார். போட்டாள். போட்ட கையை வெட்டிப்போடலாம் போல இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டியை எடுத்துக்கொண்டு வலங்கைமானுக்குப் போனாள். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாது. ஒருமுறை பார்த்துவிட்டு, பழம் வாங்கிக்கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுகூட ஒரு நப்பாசை இருந்தது. வேம்புவின் வீடு ஊருக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டிய தெருவில். வாசலில் கோழி விரட்டிக்கொண்டிருந்த மருமகள் இவளைப் பார்த்ததும், "கம்ப்யூட்டர் அக்காதானே? அத்தைகிட்ட கத்திப் பேசுங்க. காது கேக்கலங்குது" என்றாள்.

செம்மொழிக்குச் சுருக்கென்றது.

வேம்பு உள்ளேயிருந்து வந்தாள். இரண்டு காதிலும் பஞ்சு. முகம் வற்றிப்போயிருந்தது. "வா கண்ணு, வா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நாளைக்குத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகப்போவதாகச் சொன்னாள். "காதுக்கு மிஷின் வைக்கணும்னா வச்சுக்குறேன். பேரப்புள்ள கூப்புட்டா கேக்குது, கோழி கத்துனா கேக்குது. ஆனா மணி மட்டும் கேக்காமப் போயிருக்கே, அது எப்படி? ராத்திரியில படுத்துக்கிட்டு, இது கேக்குதா, அது கேக்குதான்னு பாத்துக்கிட்டே கெடக்குறேன். கூட இருந்த புள்ளைங்களுக்கும் அன்னிக்குக் கேக்கல. நான் எந்திரிப்பேன்னு என்னையே பாத்துப் பழகிட்டாளுங்க, பாவம்."

"அக்கா" என்றாள் செம்மொழி. "உங்க காதுக்கு ஒண்ணுமில்ல."

வேம்பு ஒரு காதுப் பஞ்சை எடுத்தாள்.

"அன்னிக்கு மணி அடிக்கவே இல்ல. கால் வந்துச்சு, ஆனா மணி அடிக்கல. யாராவது போன் போட்டா மொதல்ல வணக்கம் சொல்ற மாதிரி நான் ஒண்ணு வச்சிருந்தேன். அது பேசி முடிச்சாத்தான் உங்களுக்கு மணி அடிக்கும். கபீர் பாய் அதுக்கு முன்னாடியே கட் பண்ணிட்டாரு. தப்பு என்னோடதுக்கா."

வேம்பு இன்னொரு பஞ்சையும் எடுத்தாள். புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் செய்தது செம்மொழி எதிர்பார்க்காதது. எழுந்து வாசலுக்கு ஓடினாள். "ஏ, என் காது நல்லாத்தான் இருக்காம்டி! மணிதான் அடிக்கலையாம்! இந்தப் பொண்ணே வந்து சொல்லுது, கேளுங்கடி!" என்று தெருவைக் கூட்டினாள். நாலைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். வேம்புவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கபீர் பாய்க்குப் போடு என்றாள். செம்மொழி தன் செல்லில் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் கபீர், "யா அல்லா! அந்தம்மா பொய் சொல்ற ஆளில்லையேன்னு என் பொண்டாட்டிகிட்ட தெனம் பொலம்பிக்கிட்டு இருந்தேன்" என்றார். அந்த வார்த்தைக்கு வேம்பு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவேண்டாம், ஆலைக்குப் போவோம்" என்றாள். "நீ வந்து அந்தத் தம்பிகிட்ட சொல்லுவியா கண்ணு? ஒன் வேலைக்கு ஏதும் ஆயிடாதே?"

"ஆனா ஆவட்டும்க்கா. வந்து சொல்றேன்."

"நீ நல்லா இருப்ப" என்று வேம்பு அவள் தலையைத் தடவினாள். மருமகளை டீ போடச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, தேடி வந்து தப்பை ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்றாள். செம்மொழிக்கு அப்படியே கரைந்துபோகலாம் போல இருந்தது. இத்தனை லேசாக முடியும் என்று அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

டீ வந்தது. வேம்பு டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இத நீ இப்பத்தான் கண்டுபுடிச்சியாக்கும்? அதான் ஓடி வந்திருக்க."

ஆமாம் என்று சொன்னால் போதும். தெருவே அதைத்தான் நம்பிக்கொண்டு நின்றது. ஆமாம் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போயிருந்தால், அவள் சாகும்வரை அந்த வீட்டுக்கு வேண்டிய பெண்ணாக இருந்திருப்பாள். அவளுக்கு ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது.

"இல்லக்கா" என்றாள் செம்மொழி. "அன்னிக்கே தெரியும். நீங்க டிவியில தெரியுற மாதிரி நின்னுக்கிட்டு, வந்துச்சா கண்ணுன்னு கேட்டீங்கல்ல, அப்பவே தெரியும்."

வேம்பு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்கு நம்பிக்கை வராத மாதிரி இருந்தது. பிறகு கீழே கிடந்த பஞ்சு இரண்டையும் பொறுக்கி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இத்தினி நாளா பூண்டெண்ணெய காய்ச்சிக் காய்ச்சி ஊத்திக்கிட்டுக் கெடந்தேன்டி" என்றாள்.

செம்மொழி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்கு ஆலைக்கு வந்துடு. வந்து அந்தத் தம்பிகிட்ட முழுசா சொல்லு" என்றாள் வேம்பு. "அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வராத."

மருமகள் வந்து செம்மொழியின் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். டீ அப்படியே இருந்தது.